வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர்?

சீசன் கூட்டம் மலையிறங்கியதும் கொடைக்கானலில் அறை தேடுகிறவர்கள் ஏறத் தொடங்குவார்கள். அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவிகள், ஓட்டல், கடை வேலைக்கு வரும் இளைஞர்கள், மடிக்கணினியோடு வந்து இங்கிருந்தே வேலை பார்க்க நினைப்பவர்கள். எல்லோரும் போடுவது ஒரே வகுத்தல் கணக்குதான்: தனி அறை 6,000 என்றால் மூன்று பேர் சேர்ந்து 9,000 ரூபாய் வீட்டை எடுத்தால் ஆளுக்கு 3,000. பாதி மிச்சம். சமவெளியில் இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். 2,100 மீட்டர் உயரத்தில் வெந்நீரும் சீசனும் குறுக்கே வருகின்றன.

வெந்நீரைப் பார்ப்போம். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒருவருக்குத் தினம் ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 60. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் உள்ள சிறிய அறையில் தனியாளாக இருப்பவரின் குளியலும் விளக்கும் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும். நான்கு பேர் ஒரே மீட்டரில் இருந்தால் கீசருக்கு மட்டும் 240 யூனிட். ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரில் கணக்கு தலைகீழ்: தனியாள் 1,000 வாட் ஹீட்டரைத் தினம் மூன்று மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். மூன்று பேர் பகிர்ந்த அறையில் அந்தச் செலவு மூன்றாகப் பிரியும். ஆகவே வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டியது, "தனி மீட்டர் இருக்கா? இல்லேன்னா யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீங்க?" பதிலை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஹீட்டர் செலவுக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சுற்றுலா வந்தவர்களில் இருவர், கரி மூட்டிய அறையில் தூங்கி உயிரோடு எழவில்லை. அடைத்த அறையில் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தாலும் இதே அபாயம்தான். அப்படிப்பட்ட அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி காகிதம். பகிர்ந்த அறையின் உண்மையான சிக்கல் அழுக்குப் பாத்திரமோ குறட்டையோ அல்ல. பெரும்பாலும் ஒருவர் வீட்டுக்காரரிடம் பேசி வீட்டை எடுப்பார். பிறகு நண்பர், நண்பரின் நண்பர் என்று ஆள் சேர்ப்பார். அட்வான்ஸில் உங்கள் பங்கை அவருக்கு ஜிபே செய்திருப்பீர்கள். வீட்டுக்காரருக்கு உங்கள் முகம் தெரியும், பெயர் தெரியாது. அந்த முதல் ஆள் வேலை மாறிப் போனால் உங்கள் அட்வான்ஸைக் கேட்க யாரும் இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும், 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது. விட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணம். அதாவது ஒழுங்காகப் பணம் கொடுத்து வந்த நீங்கள், சட்டத்தின் கண்ணில் அங்கே இருக்கவே கூடாதவர்.

இதற்கு மருந்து எளிது. ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், ஒருவர் போனால் அவர் பங்கை யார் கட்டுவது என்பது இரண்டு வரியில் இருக்க வேண்டும். '11 மாதம்தானே, பதிவு தேவையில்லை' என்று தரகர்கள் சொல்வது பழைய பாட்டு. எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அதிகாரி, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அந்த 11 மாதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மே மாதம் தொடங்கும் ஒப்பந்தம் மார்ச்சில் முடியும். ஜூனில் தொடங்கினால் ஏப்ரலில். சரியாகச் சீசன் வாசலில்! அப்போது அதே வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் உங்கள் மாத வாடகை சில நாளிலேயே கிடைத்துவிடும். ஆகவே கையெழுத்திடும் முன் முடியும் மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் முடியும்படி கேளுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகை நீதிமன்ற உத்தரவில்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி விரட்டுவதையும் சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. லாட்ஜுக்கும் காட்டேஜில் நாள் வாடகைக்குத் தங்குவதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓட்டல் முதலாளி கொடுக்கும் 'ஸ்டாஃப் ரூம்' கதையும் வேறு: வேலை போனால் அறையும் போகும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. 'ஒத்திக்கு' மொத்தமாக லட்சக்கணக்கில் கொடுப்பதாக இருந்தால், வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படத்தை மட்டும் அனுப்பி 'டோக்கன் அட்வான்ஸ்' கேட்பவரிடம் ஏமாந்தால் அன்றே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பழுது யார் செலவு? சட்டத்தின் அட்டவணைப்படி குழாய் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கீசர் ரிப்பேரும் ஜன்னல் கண்ணாடியும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லையென்றால், உங்கள் தலையில். கொடைக்கானலில் இந்த இரண்டும்தான் முதலில் போகும்! அதனால் வீட்டைப் பார்க்கும்போது கீசரை ஓடவிட்டுப் பாருங்கள். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி அதன் பின்சுவரைத் தடவிப் பாருங்கள். புதுச் சுண்ணாம்புக்கு அடியில் பச்சையாகவோ கருப்பாகவோ புள்ளி தெரிந்தால், அக்டோபர் மழையில் உங்கள் கம்பளியும் புத்தகமும் பூசணம் பிடிக்கும். நாயுடுபுரம் போன்ற பக்கங்களில் இருட்டிய பிறகு காட்டுமாடு ரோட்டில் நிற்பது சகஜம். வேலை முடிந்து ஒன்பது மணிக்குத் திரும்புகிறவர் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒருமுறை இரவில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பெண்களுக்கு மூன்றாவது வழியாக மகளிர் விடுதி இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

என்னைக் கேட்டால், ஊருக்குப் புதியவர் முதல் வருடம் பகிர்ந்து இருப்பதே மேல். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க மாட்டேன் என்றால், ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் சின்னதாக ஒரு தனி அறை எடுத்துவிடுங்கள். நாளைக்குப் போகப்போகும் அட்வான்ஸை விட அது மலிவு.

வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்புங்கள். அதையும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. காலி செய்யும் நாளில் சுவர், கீசர், மீட்டர் எண் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். "சீசன் முடியட்டும் தம்பி, அட்வான்ஸ் தர்றேன்" என்றால், பாக்கி கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை எழுத்தில் நினைவூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 15100-க்கு அழைத்துச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அது இலவசம்.