சூத்திரம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் அளவு திட்டவிலக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அது வரும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முதலில் வரையறை, அடுத்து சூத்திரம், பிறகு எடுத்துக்காட்டு, கடைசியில் பயிற்சி. வகுப்பும் இதே வரிசையில்தான் நடக்கிறது. ஆசிரியர் பலகையில் சூத்திரத்தை எழுதி இரண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் அதை நோட்டில் இறக்கிக்கொண்டு, எண்களை மட்டும் மாற்றி அடுத்த கணக்கைப் போடுவார்கள். சராசரியைக் கழித்து வந்ததை எதற்காக வர்க்கப்படுத்துகிறோம் என்று யாராவது கேட்டால், சூத்திரம் அப்படித்தான் என்பதே பெரும்பாலும் பதில்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று சோதித்தவர் மனு கபூர். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றி, பின்னர் சூரிக் சென்ற கல்வி ஆய்வாளர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் மூன்று கால்பந்து வீரர்கள் இருபது ஆண்டுகளில் போட்ட கோல்களின் பட்டியலைக் கொடுத்தார். இவர்களில் யார் ஆட்டம் சீரானது? அதை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். திட்டவிலக்கம் என்ற பெயரையே அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சிக்கலைச் சின்ன எண்களில் நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரர் ஐந்து பருவங்களில் 13, 14, 14, 14, 15 கோல்கள் போடுகிறார். இன்னொருவர் 10, 12, 14, 16, 18. இருவருக்கும் சராசரி 14தான். ஆக, சராசரி கைகொடுக்காது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வீச்சைக் கண்டால் முதல்வருக்கு 2, அடுத்தவருக்கு 8. விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் 10, 14, 14, 14, 18 என்று ஆடும் மூன்றாமவருக்கும் அதே 8தான் வருகிறது. அவரோ மூன்று பருவங்கள் அசையாமல் நின்றவர். சரி, சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று கூட்டலாமா? கூட்டினால் மிகையும் குறையும் அடித்துக்கொண்டு பூச்சியம். இங்கே வந்து முட்டி நிற்கும் பிள்ளையிடம் விலக்கங்களை வர்க்கப்படுத்திப் பார் என்று சொன்னால், குறைக்குறி மறைவதை அதுவே கண்டுகொள்ளும். தன் சிக்கலுக்கு வந்த விடையாகத்தான் சூத்திரம் அதன் கையில் சேரும்.

கபூரின் சோதனைகளில் மாணவர்கள் வரைபடம், சராசரி, வீச்சு என்று பல வழிகளில் முயன்றார்கள். சரியான சூத்திரத்தை எட்டவில்லை. எட்டுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதன்பிறகே ஆசிரியர் பாடம் நடத்தினார். பாடம் முதலில், கணக்கு பிறகு என்று படித்த குழுவோடு ஒப்பிட்டபோது, சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காண்பதில் இரு குழுக்களும் நன்றாகவே செய்தன. கருத்தைப் புரிந்துகொண்டதிலும், பழக்கமில்லாத கணக்கில் அதைப் பயன்படுத்துவதிலும் முதலில் முயன்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். எத்தனை வழிகளை யோசித்தார்களோ அந்த அளவுக்குக் கற்றலும் கூடியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த முடிவுதான். தவறிப்போன வழிகூட வீண்போகவில்லை.

2021இல் ஆய்வாளர் தன்மய் சின்ஹாவும் கபூரும் இவ்விரு வரிசைகளையும் ஒப்பிட்ட 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் 12,000க்கும் அதிகம். மொத்தத்தில் முயற்சி முதலில், பாடம் பிறகு என்ற வரிசைக்கே பலன் கூடுதல். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. யோசிக்க முன்னறிவு வேண்டும். வாய்ப்பாடும் வகுத்தலும் கைவராத பிள்ளையைச் சிக்கலின் நடுவில் இறக்கிவிட்டால் தவிப்புதான் மிஞ்சும்; அதற்குக் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும்.

கணக்கு மீதான பயத்துக்கும் சூத்திரம் முதலில் என்ற வரிசைக்கும் தொடர்பு இருப்பதாகவே நான் நினைக்கிறேன். 2012இல் நடந்த பீசா என்னும் சர்வதேச மாணவர் மதிப்பீட்டு ஆய்வில், ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களில் 59 விழுக்காட்டினர் கணக்கு வகுப்பு கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள். சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்த பிறகும் தப்பாகப் போட்டால் அது பிள்ளையின் குற்றமாகிறது. சிவப்பு மை பாய்கிறது. சொல்லித்தராத கணக்கில் தப்பு செய்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆயினும் முறை ஒன்றே விருப்பத்தை வளர்த்துவிடாது. டிம்ஸ் என்னும் சர்வதேசக் கணித, அறிவியல் ஆய்வின் 1995ஆம் ஆண்டுக் காணொளி ஆய்வு, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் எட்டாம் வகுப்புகளைப் படம்பிடித்தது. புதிய கணக்கைத் தந்து மாணவர்களையே வழிதேட வைப்பது ஜப்பானில்தான் அதிகம் என்று தெரிந்தது. ஜப்பான் மாணவர்கள் மதிப்பெண்ணில் முன்வரிசையில் இருப்பவர்கள். ஆனால் கணக்கு பிடிக்குமா என்று கேட்டால் உலகச் சராசரிக்கும் கீழே நிற்கிறார்கள். தேர்வு நெருக்கடிக்கு இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் முயற்சிக்கு ஒரு பீரியடா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. திட்டவிலக்கம் போலச் சூத்திரத்துக்குள் ஒரு காரணம் ஒளிந்திருக்கும் இடங்களில் செய்தால் போதும். பிள்ளைகளின் வழிகளைப் பலகையில் அருகருகே எழுதி, எது எங்கே முட்டியது என்று பேசிவிட்டுச் சூத்திரத்துக்கு வர வேண்டும். அந்தப் பேச்சை விட்டுவிட்டால் முயன்ற பீரியட் வீண். மதிப்பெண் குறையும் என்ற அச்சத்துக்கும் கபூரின் ஆய்விலேயே பதில் இருக்கிறது: சூத்திரத்தைப் போடும் திறனில் இரு குழுவும் சமம். நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் அந்தத் திறனை மட்டுமே கேட்பதால், முந்தி நிற்கும் பிள்ளை எவ்வளவு முந்தி நிற்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போகிறது.