விளக்கு எரிகிறது, எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?

அமெரிக்க நாட்டின் புறநகர்ப் பகுதிகளில் வீட்டைச் சுற்றிப் பரந்த புல்தரை வைத்திருப்பது வழக்கம். புல் வளரும் பருவத்தில் அதை அடிக்கடி வெட்டிச் சீராக்க வேண்டும். பெரிய புல்தரையை நடந்தே வெட்டி முடிப்பது எளிதல்ல. ஆகவே, ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்கள் வந்தன. ஜான் டீர் நிறுவனம் 1963-ல் வெளியிட்ட '110' என்னும் தோட்ட டிராக்டர் அவற்றுள் ஒன்று. ஒரே சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின், 12 வோல்ட்டு பேட்டரி, வண்டியின் அடியில் சுழலும் வெட்டுத் தகடுகள் - இவைதாம் அதன் முக்கிய உறுப்புகள். இத்தகைய பழைய வண்டிகளைப் பழுது பார்த்து இன்றும் ஓட்டுவோர் அங்கே பலர்.

வயதான வண்டிக்கு வரும் வியாதி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், எஞ்சினோ அசையாது. உரிமையாளர் சாவியை அணைத்துவிட்டு, ஒரு சோதனை விளக்கை எடுத்து, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியின் மறுமுனையில் வைத்துப் பார்க்கிறார். விளக்கு பளிச்சென்று எரிகிறது. "மின்சாரம் வருகிறது; ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டி, புது மோட்டார் வாங்கி மாட்டுகிறார். மீண்டும் அதே 'கிளிக்'! பணம் போனதுதான் மிச்சம்.

விளக்கு பொய் சொல்லிற்றா? இல்லை. கேட்ட கேள்விதான் தவறு. இதை விளக்க, நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியே போதும்.

பழைய பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலமும் உலோகமும் சேர்ந்து உண்டாக்கும் படிவு அது. முனைக்கும் கவ்விக்கும் இடையே அது புகுந்துகொண்டால் அங்கே ஒரு மின்தடை ஏற்படும். அது 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய தடைதானே என்று நினைக்கிறீர்களா? கணக்கிட்டுப் பாருங்கள். சோதனை விளக்கு இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியர் என்றால், அந்தத் தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.25 x 0.05, அதாவது 0.0125 வோல்ட்டு மட்டுமே. விளக்குக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் தேவை என்றால், அதே தடையில் 100 x 0.05, அதாவது 5 வோல்ட்டு செலவாகிவிடும்! மீதி 7 வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன செய்யும்? உண்மையில் அந்த 100 ஆம்பியரும் அதற்குக் கிடைக்காது.

ஆகவே, சோதனையை மோட்டார் மின்சாரம் கேட்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். அதே விளக்கே இதற்கும் போதும். முதலில் வண்டியைக் கியரிலிருந்து விடுவித்து, வெட்டுத் தகடுகளின் இணைப்பையும் நீக்கிவிட வேண்டும். எஞ்சின் தவறிக் கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றவர் விளக்கைக் கவனிக்க வேண்டும்.

முதல் இடம், பேட்டரியின் இரண்டு ஈய முனைகள். இங்கேயே விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரி வலுவிழந்துள்ளது. சற்று மங்குவது இயல்புதான்.

இரண்டாவது இடம், தடித்த கம்பியின் மறுமுனையும் பேட்டரியின் எதிர் முனையும். முதல் இடத்தில் நன்றாக எரிந்த விளக்கு இங்கே மங்கினால், கோளாறு நேர் முனைக் கவ்வியிலோ கம்பியிலோ இருக்கிறது.

மூன்றாவது இடம், பேட்டரியின் நேர் முனையும் மோட்டாரின் இரும்பு உடலும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியில் மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே அந்தப் பாதை. சட்டத்தில் கம்பியை முடுக்கியிருக்கும் இடத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால் அதுவும் தடையே.

நான்காவது இடம், மோட்டாரின் மின்முனையும் அதன் உடலும். முன் மூன்று இடங்களிலும் நன்றாக எரிந்த விளக்கு இங்கே மங்கினால், 'கிளிக்' என்று ஒலித்த அந்த மின்காந்தச் சுவிட்சின் உள்தொடர்புகளை ஐயுறலாம். இங்கேயும் பளிச்சென்று எரிந்து மோட்டார் சுழலவில்லை என்றால்தான் மோட்டாரைக் குறை சொல்லலாம்!

'கிளிக்' ஒன்றாக இல்லாமல் 'டகடக'வென்று தொடர்ந்து ஒலித்தால்? மின்சார மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்காந்தம் இழுக்கிறது, மோட்டார் இணைகிறது, உடனே மின்னழுத்தம் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி தளர்ந்திருப்பதற்கோ இணைப்பு கெட்டிருப்பதற்கோ இது நல்ல அடையாளம்.

சத்தமே இல்லாவிட்டால் கோளாறு வேறு பக்கம். பிற்காலத்தில் வந்த பல வண்டிகளில் பியூஸ், சாவி, பிரேக் மிதி, வெட்டுத் தகட்டு நெம்புகோல், இருக்கை ஆகியவற்றின் சுவிட்சுகள் தொடரிணைப்பில் உள்ளன. ஒன்று திறந்திருந்தாலும் மின்சாரம் போகாது. சிலர் பொறுமையிழந்து இருக்கைச் சுவிட்சின் இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவார்கள். இது மிகவும் ஆபத்தானது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தச் சுவிட்சுதான். அது இல்லையென்றால் கீழே விழுந்தவரின் அருகில் தகடுகள் சுழன்றுகொண்டே இருக்கும். கெட்ட சுவிட்சை மாற்ற வேண்டுமே தவிர, ஏமாற்றக் கூடாது.

உப்புப் படிவை நீக்குவது எளிது. சமையல் சோடா கரைத்த நீர் அமிலத்தை நடுநிலையாக்கும். அந்த நீர் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கவ்விகளைக் கழற்றும்போது எதிர் முனையை முதலில் கழற்ற வேண்டும். ஏன் தெரியுமா? எதிர் முனை சட்டத்துடன் இணைந்திருக்கும்போது நேர் முனையைக் கழற்றும் ஸ்பானர் சட்டத்தில் பட்டால், குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவோ எளிதில் தீப்பற்றும்!

இந்த உண்மையை நீங்களே சோதிக்கலாம். தளர்ந்துபோன ஒரு டார்ச் செல்லின் முனைகளில் வோல்ட்மீட்டரை இணையுங்கள். முள் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இனி ஒரு டார்ச் பல்பையும் அதே முனைகளில் இணையுங்கள். முள் எங்கே போகிறது? அது ஏன் இறங்குகிறது என்று உங்கள் நண்பருக்கு விளக்கிச் சொல்லுங்கள் பார்க்கலாம்.