கரிந்த கொள்ளு சொல்லும் கதை

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குதிரைக்குத் தீனியாகவும் ஏழை வீட்டு ரசமாகவும் இருந்துவரும் இந்தக் கொள்ளுக்கு ஒரு சரித்திரம் உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் அது சேர சோழ பாண்டியர் சரித்திரத்தைவிடப் பழமையானது.

பள்ளிக்கூடத்தில் நாம் போதிப்பதெல்லாம் அரசர்களும் யுத்தங்களும் பட்டாபிஷேகங்களுந்தான். "அந்தக் காலத்துக் குடியானவன் என்ன சாப்பிட்டான், ஸார்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் நம் பாடு திண்டாட்டமாகிவிடுகிறது. எழுத்தே தோன்றாத காலத்துக்குக் கல்வெட்டு ஏது, செப்பேடு ஏது? அதற்கு விடை சொல்வது அடுப்புச் சாம்பல்!

மண்ணில் விழுந்த தானியம் முளைத்துவிடும், அல்லது மக்கிப்போகும். ஆனால் அடுப்பில் தவறி விழுந்து, சாம்பலுக்கடியில் புதைந்து கரியாகிவிட்ட மணி மக்குவதில்லை. உருவம் அதிகம் மாறாமல் ஆயிரக்கணக்கான வருஷங்கள் கிடக்கும். அகழ்ந்தெடுத்த மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கலக்கினால் மண் அடியில் தங்கும். கரி மேலே மிதக்கும். அதைச் சன்னமான சல்லடையில் வடித்து, உலர்த்தி, பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்த நம் பெண்மணிகளுக்கு இந்த வித்தை புதிதன்று.

முன்னாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரிக்கு அருகே சங்கனகல்லு என்னும் இடத்தில் கருங்கல் குன்றுகள் இருக்கின்றன. சுமார் 4000 வருஷங்களுக்கு முன், இரும்பை அறியாத மக்கள் அங்கே மாடு மேய்த்தும் கற்கோடரி தீட்டியும் வாழ்ந்தார்கள். தார்வார் கர்நாடக சர்வகலாசாலையின் ரவி கோரிசெட்டர், லண்டனைச் சேர்ந்த டோரியன் புல்லர் முதலிய அறிஞர்கள் அந்த மண்ணை அலசினார்கள். கிடைத்தவை கொள்ளு, பச்சைப்பயறு, கன்னட நாட்டார் கொறலெ என்று சொல்லும் சிறுதானியம் முதலியவை. எல்லாம் மழையை நம்பி விளைபவை. நம் நாட்டு மண்ணிலேயே பிறந்தவை. கோதுமையும் பார்லியும் வடமேற்கிலிருந்து பின்னால் வந்தன. நம் சொந்தச் சரக்கென்று நாம் எண்ணியிருக்கும் கம்போ, ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த விருந்தாளி! வந்தவரை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டதும் நம் நாட்டின் பெருமைதானே?

கொள்ளு மணியின் தோலிலும் ஒரு கதை எழுதியிருக்கிறது. காட்டுக் கொள்ளுக்குத் தோல் தடிப்பு. ஆகவே அது முளைக்கத் தாமதிக்கும். உழவன் விதைத்ததில் எது உடனே முளைத்ததோ அதுவே அறுவடையாகி மறுபடி விதையாயிற்று. இப்படியே தலைமுறை தலைமுறையாகத் தோல் மெலிந்தது. 2017-ஆம் வருஷத்தில் சார்லின் மர்பியும் புல்லரும், பழைய கரிந்த கொள்ளு மணிகளைச் சக்தி வாய்ந்த எக்ஸ்-ரே கதிர்களால் ஊடுருவிப் பார்த்து, இந்த மெலிவை அளந்து காட்டினார்கள். பெயர் தெரியாத உழவர்களின் உழைப்பு ஒரு தோலின் கனத்தில் பதிவாகியிருக்கிறது!

தாவரச் சின்னங்களை ஆராய நம் நாட்டிலேயே ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்று கனவு கண்டவர் பேராசிரியர் பீர்பல் ஸாஹ்னி. 1946-இல் லக்னோவில் அதைத் தோற்றுவித்தார். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 10-ஆம் தேதி, ஸாஹ்னி காலமானார். அவருடைய மனைவி ஸாவித்ரி ஸாஹ்னி அந்தப் பணியைத் தாங்கி நின்றார். இன்றும் அகழ்விடங்களிலிருந்து தானிய மணிகள் அங்கே பரிசோதனைக்குப் போகின்றன.

ஆனால் ஒரு விசாரம் நம் மனத்தை வாட்டுகிறது. சங்கனகல்லுக் குன்றுகளுக்கே கல்லுடைக்கும் வேலையால் ஆபத்து நேர்ந்ததுண்டு. ஒரு சிலையை உடைத்தால் ஊரார் கூடிக் கேட்பார்கள். சாம்பல் மண்ணை வாரிக்கொண்டு போனால் கேட்பவர் யார்? உங்கள் ஊர் மேட்டில் பழைய பானை ஓடுகளுடன் சாம்பல் நிற மண் தென்பட்டால் அதைத் தோண்டாதீர்கள். எருவென்று வண்டியேற்றவும் விடாதீர்கள். தொல்பொருள் இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் உண்ட சோற்றின் சரித்திரம் அதில் இருக்கலாம். அந்த மாணவனுக்கு நாம் சொல்லவேண்டிய விடையும் அங்கேதான் இருக்கிறது.