தளத்திலிருந்து காரை விழுந்தால்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். புயலில் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் போனது. நல்ல வெயில் அடிக்கும் ஒரு பகல். உள் அறையில் 'தடால்' என்று சத்தம். ஓடிப் பார்த்தோம். மேல் தளத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. அண்ணன் குழந்தையின் தூளி அந்த அறையில்தான் தொங்கும். நல்ல வேளை, குழந்தை திண்ணையில் அண்ணி மடியில் இருந்தது. அம்மா மீன் விற்பவர். விழுந்த துண்டைத் தன் தராசில் வைத்துப் பார்த்தார். 3 கிலோ.

அன்று மாலை அம்மா சொன்னது: "கம்மலை வச்சாவது உடனே பூசிடணும்." நல்ல வேளையாக உடனே பூசவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தளம் ஏன் விழுகிறது? கான்கிரீட்டுக்கு உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. சிமெண்டில் காரத்தன்மை உண்டு. அது கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. தண்ணீரும் உப்பும் உள்ளே போனால் அந்தக் காப்பு போய்விடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு மடங்குக்கு மேலும் உப்பும். உள்ளே இடம் இல்லை. அதனால் கீழே உள்ள காரையைத் தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் வழியில் கோடு போல வெடிக்கும். பழுப்புக் கறை தெரியும். கடைசியில் விழும்.

எங்கள் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்பே அந்தக் கோடு இருந்தது. பொங்கலுக்கு வெள்ளை அடித்து மறைத்தோம்.

கம்பிக்குக் கீழே போதுமான கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர் என்கிறது. கடலோரத்தில் இதைவிட அதிகம் வேண்டும். எங்கள் வீட்டில் விழுந்த துண்டை அளந்தோம். கம்பிக்குக் கீழே 8 மில்லிமீட்டர்தான் இருந்தது. வீடு கட்டும்போது சென்ட்ரிங் பலகையை ஒட்டியே கம்பியைப் போட்டிருக்கிறார்கள். அடியில் சின்ன சிமெண்ட் கட்டைகள் வைத்திருந்தால் கம்பி உயர்ந்து நின்றிருக்கும். அந்தக் கட்டைக்குச் செலவு மிகக் குறைவு.

இனி, விழுந்த அன்றே செய்ய வேண்டியது. அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. மாடியில் உள்ள பாரத்தை இறக்குங்கள். எங்கள் மாடியில் 500 லிட்டர் தொட்டி இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்கு மேல் 500 கிலோ! உடனே திறந்து விட்டோம். பிறகு சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்தோம். கழியின் தலையில் பலகை வைத்தோம். ஓங்கி அடித்து இறுக்கக் கூடாது. தளம் இன்னும் பெயரும். முட்டுக்கு ஆன செலவு 1,400 ரூபாய். அதனால் எங்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது.

மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதல் மேஸ்திரி, "9,000 ரூபாய் கொடுங்க, பூசிடறேன்" என்றார். இரண்டாமவர், "வீடு முழுக்கத் தளத்தை இடிக்கணும், 2,40,000 ஆகும்" என்றார். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்றாவதாக வந்தவர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு மாமா.

மாமா சின்னச் சுத்தியலால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்டது. கெட்ட இடத்தில் விரிந்த பானையைத் தட்டியது போலக் கேட்டது. கெட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டார். உள் அறையில் பாதிக்கு மேல் வட்டம். மற்ற அறைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன.

பிறகு கம்பியைச் சுரண்டி அளந்தார். 8 மில்லிமீட்டர் கம்பி சில இடங்களில் 6 ஆக இளைத்திருந்தது. இரண்டுதானே குறைவு என்று நாங்கள் நினைத்தோம். மாமா கணக்குச் சொன்னார். எட்டெட்டு 64. ஆறாறு 36. கம்பியின் பலம் 64-லிருந்து 36-ஆக இறங்கிவிட்டது. ஏறக்குறையப் பாதி போச்சு. இதன் மேல் பூசினால் துரு நிற்குமா? பூச்சு அடுத்த மழையில் விழும், 9,000 ரூபாயும் சேர்ந்து விழும்.

தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று மாடிக்குப் போய்ப் பார்த்தார். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருந்தது. தட்டோடு இடுக்குகள் விட்டிருந்தன. மேலே ஒழுகுவதை நிறுத்தாமல் கீழே வேலை செய்வது வீண் என்றார்.

மாமா சொன்னபடி வேறு ஒரு கொத்தனாரிடம் கணக்குக் கேட்டோம். அறை வேலைக்கு 38,000. மாடி வேலைக்கு 14,000. மொத்தம் 52,000. எவ்வளவு சிமெண்ட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தாளில் எழுதி வாங்கினோம். பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தோம். காரையைத் தட்டி, துருவைத் தேய்த்து முடித்ததை மாமா பார்த்த பிறகுதான் இரண்டாம் தவணை. ஏனென்றால் பூசிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கையில் 16,000 இருந்தது. 36,000 குறைந்தது. தெருவில் 5 வட்டிக்குத் தர ஒருவர் தயாராக இருந்தார். 5 வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 36,000-க்கு மாதம் 1,800. வருடத்தில் 21,600 கட்டியும் அசல் 36,000 அப்படியே நிற்கும். அம்மாவின் மகளிர் குழுவில் ஒன்றரை வட்டி. மாதம் 3,000 அசலோடு வட்டி கட்ட வேண்டும். முதல் மாத வட்டி 540. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒரு வருடத்தில் கடன் தீரும்போது மொத்த வட்டி 3,510 ரூபாய். குழுவில் பணம் கைக்கு வர 20 நாள் ஆனது. முட்டு இருந்ததால் காத்திருந்தோம்.

வேலை 9 நாள் நடந்தது. கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் காரையைத் தட்டினார்கள். கம்பி பிரஷால் தேய்த்தார்கள். இளைத்த கம்பியோடு புதுக் கம்பி சேர்த்தார்கள். இரண்டு முனையிலும் நல்ல கம்பியோடு ஒன்றரை அடி சேர்த்துக் கட்டினார்கள். துருத் தடுப்பு மருந்து பூசி, ஒட்டும் பால் கலந்த சிமெண்ட் கலவை வைத்தார்கள். பிறகு ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தது நாங்கள்தான். கழுத்து வலி சொல்லி மாளாது.

தூளி இப்போது பழைய இடத்தில் இல்லை. சுவரோரம் மரச் சட்டத்தில் தொங்குகிறது. நடு அறையில் மாமா போட்ட ஒரு சாக்பீஸ் வட்டம் மட்டும் பாக்கி. அதை அம்மா அழிக்க விடவில்லை. வாரம் ஒரு முறை துடைப்பக் கட்டையால் தட்டிக் கேட்டுக்கொள்கிறார்.