உண்ண மறுக்கும் குழந்தை

"பிள்ளை ஒன்றுமே உண்பதில்லை" என்ற முறையீடு எழாத இல்லம் அரிது. எருத்தேன்பதியில் எங்கள் இல்லத்திலும் அது நெடுநாள் ஒலித்தது. இரண்டு வயது மகனின் பின்னால் சோற்றுக் கிண்ணத்தை ஏந்தி வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடினோம். நிலவைக் காட்டினோம், பூச்சாண்டியை அழைத்தோம், கைப்பேசியையும் நீட்டினோம். இரயில்வே அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பும் மாலைகளில் அழுகைக்கு அஞ்சிப் பிஸ்கோத்தைக் கொடுத்து ஓய்ந்தோம். அங்கன்வாடியின் எடைக் கருவியோ மூன்று மாதங்களாக ஒரே எண்ணைக் காட்டியது. அப்போதுதான் எங்களுக்கு அச்சம் பிறந்தது.

அங்கன்வாடி ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "பசியைப் பிஸ்கோத்து தின்றுவிட்டால், சோற்றுக்கு இடம் ஏது?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று குடும்பஸ்ரீ மகளிர் கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா முதலியன சேர்த்துத் தயாரிக்கும் 'அமிர்தம்' மாவு எங்கள் அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. வீட்டில் சத்துணவை வைத்துக்கொண்டு கடையில் பிஸ்கோத்து வாங்கிய பேதைமையை என்னென்பது!

இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுதல் தகும். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டுமென்று கேரளக் குழந்தை ஒன்று மழலையில் கேட்டது நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் மாநில அரசு உணவுப் பட்டியலைத் திருத்தியது. முட்டைப் பிரியாணி இடம்பெற்றது. வாரத்தில் இரண்டு நாள் வழங்கிய பாலும் முட்டையும் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. குழந்தையின் விருப்பத்துக்குச் செவிசாய்த்த பெரியோர், சத்தின் பொறுப்பைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். பெற்றோர்க்கும் இதுவே நெறியாகும். எதை, எப்பொழுது கொடுப்பது என்பது நம் கடமை. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

ஆகவே வேளை தவறாமல் உணவளிப்போம். இடையே தின்பண்டம் கொடுத்துப் பசியைக் கெடுக்காதிருப்போம். நாம் உண்ணும்போதே குழந்தையையும் உடன் அமர்த்துவோம். கீரையை ஒருநாள் துப்பினால் மறுபடியும் சிறிதளவு வைப்போம். புதிய சுவை பழகப் பத்து முறையும் ஆகலாம். இரண்டு வயது நிரம்பும்வரை உணவில் சர்க்கரை சேர்க்கலாகாதென்று 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்தியுள்ளது. நம் பக்கத்துக் கருமண்ணில் விளையும் நிலக்கடலை நல்லுணவே. ஆயினும் முழுக் கடலை சிறுவரின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தே கொடுத்தல் வேண்டும். எடை ஏறாவிடில் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எங்கள் மகன் முதல் வாரம் அழுதான். இரண்டாம் வாரம் எங்கள் தட்டிலிருந்து தானே எடுத்துண்டான். இரண்டு மாதத்தில் அந்த எடைக் கருவியும் சற்றே ஏறிற்று. ஊட்டுவதற்கு ஓடிய கால்களை நிறுத்தி, உடன் அமர்ந்து உண்போம். பிள்ளைகள் தாமே வந்து அமர்வர்.