நச்சுக்கொடியும் அதனை ஒத்த செடிகளும்

வில்வம், முருக்கு, அவரை ஆகிய மூன்றும் மூன்று சிற்றிலைகளாலான கூட்டிலை உடையன. எனினும், அவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மயங்குவார் நம்மிடை இலர். பழகிய கண்ணுக்கு வேற்றுமை தானே புலப்படும். பழகாத நிலத்திலோ அதனைக் கற்றே அறிதல் வேண்டும். வட அமெரிக்காவில் ‘பொய்சன் ஐவி’ என வழங்கும் நச்சுக்கொடி இதற்குத் தக்க சான்றாகும். ஈழத்தமிழர் பலர் வாழும் ரொறன்ரோ நகரின் ஓடைப் பள்ளத்தாக்குகளிலும் இக்கொடி உண்டு.

பெயரளவில் ஐவியாயினும், இது மா, மரமுந்திரிகை, சேங்கொட்டை என்பன அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் சாற்றிலுள்ள உருசியோல் என்னும் நெய்ப்பொருள் தோலிற் பட்டால் பெரும்பாலோர்க்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். காஞ்சோன்றி தீண்டிய உடனே எச்சரிக்கும். இதுவோ ஒரு நாள், இரு நாள் கழித்தே தன் கொடுமையைக் காட்டும். ஆதலின் தொடுமுன் அறிதலே காப்பாகும்.

சிற்றிலை மூன்று என்பதை மட்டும் கொண்டு துணிதல் போதாது. நச்சுக்கொடியில் இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும். நடுச்சிற்றிலைக்கு நீண்ட காம்பும், பக்கச்சிற்றிலைகளுக்குக் குறுங்காம்பும் உண்டு. தண்டில் முள் இல்லை. கனிகள் சிறியன, வெண்மை கலந்த நிறத்தின.

இவற்றை ஒருங்கே நோக்கின் மயக்கம் நீங்கும். மேப்பிள் இனத்ததாகிய ‘பொக்ஸ் எல்டர்’ இளங்கன்று பெரிதும் இதனை ஒக்கும். ஆயின் அதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். வேர்ஜீனியாக் கொடிக்குச் சிற்றிலை பெரும்பாலும் ஐந்து. இளங்கொடியில் மூன்றும் காணப்படலாம். அதன் கனி கருநீலமானது. ‘பிளாக்பெரி’, ‘ராஸ்பெரி’ முதலியவற்றின் தண்டில் முள் உண்டு.

குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் இவ்வடையாளங்களுட் பல மறையும், நஞ்சோ மறையாது. அப்பொழுது மரத்தைப் பற்றி ஏறும் முதிர்ந்த தண்டில், மயிர் போல் அடர்ந்த பற்றுவேர்களே அடையாளம். அத்தண்டை விறகென எண்ணி எரித்தல் பெருங்கேடு. புகை நுரையீரலையும் புண்ணாக்கும்.

கொடி பட்டுவிடின், தாமதமின்றிச் சவர்க்காரமிட்டு நீராற் கழுவுக. உடையையும் கருவிகளையும் அவ்வாறே கழுவுக. கொப்புளத்து நீரால் இந்நோய் பரவாது. கழுவாது விட்ட நெய்யே மீண்டும் பட்டு வருத்தும்.

ஓர் அடையாளங் கொண்டு துணிவது ஐயத்துக்கே இடமாகும். பல அடையாளங்களை ஒப்புநோக்கித் துணிவதே அறிவாகும். தாவரவியல் மாணவன் முதற்கண் பயிலவேண்டிய நெறியும் இதுவே.