விளக்கே வைத்துக்கொள்ளும் நினைவு

டியூப்லைட்டில் சோக் எதற்கு என்று கேட்டால் ‘எரிய வைக்க’ என்பார்கள் பலர். பாதிதான் சரி. குழாய்க்குள் வாயு ஒருமுறை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிட்டால் அதன் தடை மளமளவென்று இறங்கும், மின்னோட்டம் ஏறும், ஏற ஏறத் தடை இன்னும் இறங்கும். பிடித்து நிறுத்த ஆளில்லாவிட்டால் குழாய் பாழ். அந்த ஆள்தான் சோக்.

ஒரு குழாய்க்கு ஒரு சோக், சரி. ஒரே திரையில் லட்சக்கணக்கான குட்டி நியான் விளக்குகள் இருந்தால்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்காக டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் 1964-ல் இதற்கு வழி கண்டார்கள். மின்முனைகள் வாயுவைத் தொடாதபடி நடுவே கண்ணாடியை வைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்ணாடி செய்கிற வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாயு பற்றிக்கொள்ள 180 வோல்ட் வேண்டும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திரை முழுக்கக் கொடுப்பதோ 130 தான், திசை மாறி மாறி. இதில் எந்தப் புள்ளியும் தானாக எரியாது. இப்போது ஒரு கிடைக்கம்பிக்கும் ஒரு நெடுக்கம்பிக்கும் மட்டும் கூடுதலாக ஒரு தட்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் 180-ஐத் தாண்டும், பளிச்! உடனே மின்னூட்டம் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு, கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கும். புள்ளி தானே அணையும். சோக்கின் வேலை முடிந்தது.

சுவாரஸ்யம் இனிமேல்தான். திசை மாறியதும், எதிர்த்து நின்ற மின்னூட்டம் கூட்டாளியாகிவிடும். 130-ஓடு அது ஒரு 60 சேர்த்தால் 190. மறுபடி பளிச். நொடிக்குப் பல ஆயிரம் முறை இப்படி நடப்பதால் கண்ணுக்கு விடாமல் எரிவதாகவே தெரியும். எரியாத புள்ளியில் ஒட்டியது எதுவுமில்லை. அது இருண்டே கிடக்கும். அணைக்க வேண்டுமா? ஒட்டியதைக் கரைக்க ஒரு சின்னத் தட்டு போதும்.

பிளேட்டோவின் 512-க்கு 512 ஆரஞ்சுத் திரையில் 2,62,144 புள்ளிகள். கம்பிகள் 1,024 தான். கணினி நினைவகம் ஆனை விலை விற்ற காலத்தில், படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொண்டது.

இதே வழியில் பின்னால் வந்த பெரிய வண்ணப் பிளாஸ்மா டிவிகளுக்கு வேறொரு தலைவலி. திரை முழுதும் ஒரு பெரிய மின்தேக்கி. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அதை நிரப்பிக் கொட்டினால் மின்சாரம் வெறும் சூடாகப் போகும். பொறியாளர் லாரி வெபர் அமைத்த மின்சுற்று, ஒரு கம்பிச்சுருளின் உதவியால் அந்த ஆற்றலை வாங்கி, அடுத்த முறைக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆரம்பத்தில் மூவர் ஒழித்த சோக்கும் கம்பிச்சுருள்தானே. லட்சக்கணக்கில் தேவைப்பட்டிருக்கும் அது, பின்வாசல் வழியாகத் திரைக்கு ஓரிரண்டாக வந்து சேர்ந்தது.